ஆசிரியர்கள் வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப்பில் தொழில் கற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வளமையத்துக்குக் கருத்தாளராக, அதாவது பயிற்சி நடத்துபவராகப் போகும்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்பேன். "எத்தனை ஆசிரியர் குழுக்களில் இருக்கிறீர்கள்?" என்றால் கைபேசியை எடுத்து எண்ணத் தொடங்குவார்கள். இருபது, முப்பது என்று பதில் வரும். "அவற்றில் பார்த்த எதையாவது போன மாதம் வகுப்பில் செய்து பார்த்தீர்களா?" என்றால் அறையில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

இதற்குச் சோம்பல் காரணமில்லை, வரிசைதான் தப்பியிருக்கிறது. முதலில் குழுவில் சேர்கிறோம். பிறகு வருவதையெல்லாம் சேமிக்கிறோம். வகுப்பறையின் நினைப்பு கடைசியில்தான் வருகிறது. கீழே தரும் வரிசை வகுப்பில் தொடங்கி வகுப்புக்கே திரும்புகிறது. குழுவில் சேர்வது இதில் நான்காவது படி. நான் கணக்கு வாத்தியார் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பின்னத்திலிருந்து வரும். உங்கள் பாடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு வேண்டும். பழைய பாடக்குறிப்பு ஏட்டின் பின்பக்கங்கள் போதும். கைபேசியிலேயே குறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். பாடம் நடக்கும்போது கைபேசியை எடுக்க முடியாது. எடுத்தாலும் குறிப்பெழுதும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நான்கு அறிவிப்புகள் குறுக்கே வந்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு முறை, இருபது இருபது நிமிடம் ஒதுக்குங்கள். செவ்வாய் இரவும் வெள்ளி இரவும் என்று கிழமையை உறுதி செய்துகொண்டால் நல்லது. தினமும் பஸ்ஸில் இரண்டு நிமிடம், இடைவேளையில் மூன்று நிமிடம் என்று பார்ப்பவர்களுக்கு எல்லாம் பார்த்த மாதிரி இருக்கும், எதுவும் நினைவில் நிற்காது.

கூகுள் டிரைவில் ஒரு கோப்புறை போட்டு வையுங்கள். இலவசமாகத் தரும் 15 ஜிபி, தாள்களுக்கும் படங்களுக்கும் தாராளம். உள்ளே வைக்கும் கோப்பின் பெயர் "வகுப்பு, பாடம், அலகு, என்ன செயல்" என்ற வரிசையில் இருக்கட்டும்: "6_கணக்கு_பின்னம்_தாள்பட்டை". "new final 2 பிடிஎஃப்" என்ற பாணியில் சேமித்தால் அடுத்த ஆண்டு அது உங்களுக்கே அந்நியம்.

புதுக் கைபேசி, ஸ்டாண்டு, மைக், சொந்த யூடியூப் சேனல் எதுவும் வேண்டாம். சேனலில் முதலில் இறங்கிய பலர் தம்ப்நெயில் வடிவமைப்பதில் தேறினார்கள். பின்னம் நடத்துவதில் தேறியதை நான் பார்க்கவில்லை.

2. ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

திருத்த வைத்திருக்கும் நோட்டுக் கட்டை எடுங்கள். சரியான விடைகளை விட்டுவிட்டு, ஒரே மாதிரி வந்த தவறுகளை மட்டும் குறியுங்கள். என் வகுப்பில் வருடா வருடம் வருவது இது: 1/2 + 1/3 = 2/5. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிடுகிறார்கள். பின்னம் அவர்கள் கண்ணுக்கு ஓர் எண்ணாகத் தெரியவில்லை. ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும் இரண்டு எண்களாகத் தெரிகிறது.

இப்போது கேள்வியை எழுதுங்கள். "பின்னம் நடத்துவது எப்படி?" என்று எழுதினால் பதிலாக முப்பது பக்கப் பிடிஎஃப் வரும். "பகுதியையும் தொகுதியையும் தனித்தனியாகக் கூட்டும் பிள்ளைக்கு அது தவறு என்று அவனே உணர என்ன செய்தீர்கள்?" என்று எழுதினால் அனுபவம் வரும். கேள்வி குறுகக் குறுக, உண்மையில் வகுப்பில் செய்து பார்த்தவர்கள் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

மற்றப் பாடங்களிலும் இப்படித்தான். தமிழில் சொல்வதெழுதுதலில் ர/ற, ல/ள/ழ குழப்பம். அறிவியலில் "பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடுகிறது, அதனால் அடுத்த பல்புக்குக் குறைவாகப் போகிறது" என்ற நம்பிக்கை. நோட்டில் தேடினால் கிடைத்துவிடும்.

புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளம்) பதிவு திறக்கவில்லை, வருகைப்பதிவு ஏறவில்லை என்பதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு வருவார்கள். அதுவும் தீர்க்க வேண்டிய தலைவலிதான். ஆனால் அது தீர்ந்தால் உங்கள் வேலை முடியும், உங்கள் கற்பித்தல் மாறாது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

3. கைபேசியில் களை எடுங்கள்

வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைக்குப் போய், "குழுக்கள்" என்ற இடத்தில் "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் உங்கள் எண் தெரிந்த எவரும் உங்களை எந்தக் குழுவிலும் இழுத்துப் போடலாம். அடுத்து, படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். கைபேசி நிரம்பிவிட்டது என்று புலம்பும் ஆசிரியர்களின் கேலரியைத் திறந்தால் பாதி காலை வணக்கப் பூக்கள்.

பிறகு குழுக்களை இரண்டாகப் பிரியுங்கள். பள்ளிக் குழு, தலைமையாசிரியர் குழு, குறுவளமையக் (பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த தொகுப்பு) குழு ஆகியவை அலுவல் சார்ந்தவை. அவை மேலேயே இருக்கட்டும், ஒலியும் இருக்கட்டும். மற்றதையெல்லாம் "எப்போதும்" மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளுங்கள். ஒதுக்கிய இருபது நிமிடத்தில் மட்டும் அதைத் திறக்கலாம். இரண்டும் கலந்து கிடந்தால் சுற்றறிக்கை தவறிவிடுமோ என்ற பயத்திலேயே எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டிருப்போம்.

பயனில்லாத குழுவிலிருந்து வெளியேறுங்கள். "தப்பா நினைச்சுக்குவாங்களே சார்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். இப்போது வெளியேறினால் எல்லாருக்கும் அறிவிப்பு போவதில்லை. அட்மின்களுக்கு மட்டும்தான் போகிறது.

ஆசிரியைகளுக்குக் குறிப்பாக ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் முன்பின் தெரியாதவர்களுக்கும் தெரியும். முகப்புப் படத்தையும் ஸ்டேட்டஸையும் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாமல் மறைக்கவே வழி இருக்கிறது, அதை முதல் நாளே செய்யுங்கள். "சந்தேகம் கேட்டேன், ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக மெசேஜ் வந்தது" என்று சொல்லிக் குழுக்களை விட்டே விலகிய நல்ல ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அப்படி வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அட்மினிடம் கொடுங்கள். அவர் நடவடிக்கை எடுக்கத் தயங்கினால் அந்தக் குழு உங்களுக்குத் தேவையில்லை.

4. எந்த ஊடகம் எதற்கு, எத்தனை குழு

வாட்ஸ்அப் உடனடி உரையாடலுக்கு நல்லது, தேடி எடுப்பதற்கு மோசம். ஒரு குழுவில் அதிகபட்சம் 1024 பேர். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய பேச்சு முழுவதும் கிடைக்காது. அதனால்தான் அதே கேள்வி மாதம் ஒருமுறை திரும்ப வருகிறது.

டெலிகிராமில் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம். பொதுக் குழுவாக இருந்தால் பழைய பதிவுகளும் தெரியும், உள்ளேயே தேடலாம். கேட்பதற்கு முன் "பின்னம்" என்று தட்டித் தேடிவிட்டால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். ஆனால் பெரிய குழு கிடங்கு மாதிரி. சரக்கு எடுக்கப் போகலாம், உட்கார்ந்து பேச முடியாது.

யூடியூப், இன்னொருவர் பாடம் நடத்துவதைப் பார்க்க. மாணவருக்கான வீடியோவையே நாமும் பார்க்கிறோம். பார்க்கும் முறை மட்டும் வேறாக இருக்க வேண்டும். அவர் சொல்வதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நிறுத்துகிறார், என்ன கேட்கிறார், பலகையில் எதை அழிக்காமல் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஷார்ட்ஸ் பக்கம் போக வேண்டாம், ஓரிரு நிமிடத்தில் பாடம் நடத்துவதைக் கற்க முடியாது.

ஃபேஸ்புக்கில் நீண்ட அனுபவப் பதிவுகள் கிடைக்கும். பின்னூட்டத்தில் சண்டையும் கிடைக்கும். பதிவைப் படித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மொத்தம் மூன்று குழு போதும். உங்கள் பாடத்துக்கு மாநில அளவில் ஒன்று. உங்கள் வட்டாரத்தில் அதே வகுப்பு எடுப்பவர்களோடு ஒன்று. மூன்றாவது, கீழ்வகுப்பு ஆசிரியர்கள் இருக்கும் ஒன்று. இந்த மூன்றாவதைப் பலர் அலட்சியம் செய்வார்கள். ஆறாம் வகுப்பில் வரும் பின்னத் தவறுக்கு விதை மூன்றாம், நான்காம் வகுப்பில் விழுகிறது. "எண்ணும் எழுத்தும்" என்ற அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தில் வகுப்பெடுக்கும் தொடக்கப்பள்ளி டீச்சர் ஒருவர் காகிதத்தை மடித்துக் காட்டிய விதம், மாநில அளவிலான கணக்குக் குழுவில் எனக்கு ஒருநாளும் கிடைக்காதது.

சேர்ந்ததும் பேசாதீர்கள். பத்து நாள் படியுங்கள். கடைசி ஐம்பது செய்திகளில் வகுப்பறை பற்றியவை எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்துகூட இல்லையென்றால் வேறு குழு பாருங்கள். கூடவே, "நான் இப்படிச் செய்தேன், இது சரியாக வரவில்லை" என்ற பாணியில் எழுதும் நான்கைந்து பேரின் பெயரை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குழு என்பது உண்மையில் அந்த நான்கைந்து பேர்தான்.

இன்னொன்று. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலே திறப்பதையும், திக்‌ஷா தளத்திலும் மணற்கேணி செயலியிலும் இருப்பதையும் குழுவில் "யாராவது அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். இரண்டு முறை அப்படிக் கேட்டவரின் மூன்றாவது கேள்வியை யாரும் படிப்பதில்லை.

5. எதையும் பதிவிடுவதற்கு முன்: குழந்தையின் பெயரும் முகமும்

வழிகாட்டிகளில் இந்தப் பகுதியைக் கடைசியில் வைப்பார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் கேள்வி கேட்பதற்கு முன்பே வைத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் விடைத்தாளைப் படம் எடுத்து ஒரு குழுவில் போட்டேன். சுவையான தவறு, எல்லாரும் பேசட்டும் என்ற எண்ணம். மேலே அவள் பெயர் இருந்ததைக் கவனிக்கவில்லை. குழுவில் இருந்த ஓர் ஆசிரியை அவளுக்கு உறவு. அன்று மாலையே வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பருவம் முழுக்கச் சந்தேகம் கேட்கவும் இல்லை.

அப்போதிருந்து ஒரு துண்டு வெள்ளைத்தாளை நோட்டிலேயே வைத்திருக்கிறேன். படம் எடுக்கும் முன் பெயர், வகுப்பு, பிரிவு, எமிஸ் எண் ஆகியவற்றின் மேல் அதை வைத்துவிட்டு எடுப்பேன். எடுத்த பிறகு கைபேசியில் கறுப்படிக்கலாம் என்று விட்டால் அவசரத்தில் மறப்போம். தவறு உள்ள இரண்டு வரி மட்டும் தெரிந்தால் போதும், முழுப் பக்கம் தேவையில்லை. கையெழுத்தை வைத்தே பிள்ளையை அடையாளம் காண முடியும் என்று தோன்றினால் அந்தக் கணக்கை நீங்களே எழுதிப் படம் எடுங்கள்.

முகம் தெரியும் படமோ வீடியோவோ வேண்டவே வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பலகையையும் கைகளையும் மட்டும் எடுத்தாலே வகுப்பில் நடந்தது புரிந்துவிடும்.

அரசுப் பள்ளியில் இருப்பவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் நினைவில் இருக்க வேண்டும். அரசின் முடிவுகளைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. "இது மூடிய குழுதானே" என்று நம்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கதவு கிடையாது. கொள்கை பற்றிய மனக்குறையைச் சங்கத்தில் பேசுங்கள், பின்னத்தைக் குழுவில் பேசுங்கள்.

6. கேள்வியைக் கேட்கும் விதம்

குழுக்களில் தினமும் பார்க்கும் கேள்வி இது:

"6ஆம் வகுப்பு பின்னம் டிஎல்எம் இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்."

டிஎல்எம் என்றால் கற்பித்தல் துணைக்கருவி. இந்தக் கேள்விக்கு மூன்று பிடிஎஃப், இரண்டு கைகூப்பு, ஒரு "எனக்கும்" வரும். அவ்வளவுதான். அதே ஆசிரியர் இப்படிக் கேட்டிருக்கலாம்:

"6ஆம் வகுப்பு, 34 பிள்ளைகள். பாதிக்கு மேல் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள். மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) எடுத்துச் செய்யும் முறையை இரண்டு நாள் நடத்தினேன். அன்றைக்குச் சரியாகப் போடுகிறார்கள், ஒரு வாரம் கழித்துப் பழையபடி. ஏன் அப்படிக் கூட்டக்கூடாது என்று புரிய வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு பாடவேளையில் செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது."

இதில் ஐந்து செய்தி இருக்கிறது: வகுப்பும் எண்ணிக்கையும், தவறு அப்படியே, செய்து பார்த்தது, அது எங்கே விழுந்தது, எவ்வளவு நேரம் இருக்கிறது. செய்து பார்த்ததைச் சொல்லாவிட்டால் முதல் பத்துப் பேர் அதையே சொல்வார்கள். எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் செய்ததை ஐம்பது பேருக்குச் செய்யச் சொல்வார்கள்.

குரல் செய்தி அனுப்பாதீர்கள். நான்கு நிமிடக் குரலை யாரும் முழுதாகக் கேட்பதில்லை, பின்னால் தேடவும் முடியாது. பரீட்சை வாரத்திலும் மாலை நான்கிலிருந்து ஆறு வரையிலும் கேட்காதீர்கள். எல்லாரும் பஸ்ஸில் இருப்பார்கள். இரவு எட்டரைக்கு மேல் பதில் நன்றாக வருகிறது. இது என் அனுபவம், விதி கிடையாது.

பெரிய குழுவில் தெரியாததைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? நோட்டில் குறித்து வைத்த நான்கைந்து பேரில் ஒருவருக்குத் தனியாக எழுதுங்கள். "வணக்கம் சார், குழுவில் நீங்கள் தசம எண் பற்றி எழுதியதைப் படித்தேன்" என்று அவர் எழுதியதிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் பதில் போடுவார்கள்.

7. வந்த பதில்களைச் சலியுங்கள்

பின்னக் கேள்விக்கு நிச்சயம் ஒரு பதில் வரும்: பட்டாம்பூச்சி முறை. குறுக்கே பெருக்கி மேலே எழுது, கீழே இரண்டையும் பெருக்கு, விடை தயார். வீடியோவும் அழகாக இருக்கும், கீழே "சூப்பர் சார்" வரிசை கட்டி நிற்கும்.

அதைச் சலிக்க ஒரு கேள்வி போதும். "1/2 + 2/5 என்பது ஒன்றைவிடப் பெரிதா, சிறிதா? கணக்குப் போடாமல் சொல்." 2/5 அரையைவிடக் குறைவு, ஆகவே மொத்தம் ஒன்றைவிடக் குறைவு என்று பிள்ளை சொல்ல வேண்டும். பட்டாம்பூச்சி மட்டும் தெரிந்த பிள்ளை நோட்டை எடுத்துப் பெருக்கத் தொடங்கும். 1/2 + 1/3 + 1/4 என்று மூன்று பின்னம் கொடுத்தால் இறக்கை எங்கே வரைவது என்று விழிக்கும். வந்த யோசனை தவறு செய்யாமல் விடை எழுத வைக்கிறதா, தவறு ஏன் தவறு என்று காட்டுகிறதா என்று பாருங்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

எனக்குக் கிடைத்த நல்ல பதில் மிகச் சிறியது. ஓர் ஆசிரியை இரண்டே வரி எழுதியிருந்தார்: "2/5 பெரிதா, 1/2 பெரிதா என்று முதலில் கேளுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று அவர்களே கத்துவார்கள்." அதற்கு விருப்பக்குறி ஒன்றுகூட விழவில்லை. விருப்பக்குறியை வைத்து அளக்காதீர்கள்.

ஒவ்வொரு யோசனைக்கும் மூன்று குறிப்பு எழுதுங்கள்: சொன்னவர் தானே செய்தாரா, என்ன பொருள் வேண்டும், எத்தனை நிமிடம். தானே செய்யாமல் ஃபார்வர்டு செய்ததைத் தள்ளி வையுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறியோடு "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்று இருந்தால், அனுப்பியவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சுற்றறிக்கைகளையும் இந்தச் சல்லடையில் போடுங்கள். மழைக்காலத்தில் "நாளை விடுமுறை" என்று போன வருட அறிவிப்பே சுற்றும். செயல்முறைகள் (அதிகாரியின் அலுவல் உத்தரவு) என்று வரும் தாளில் ந.க.எண் (அலுவலகக் கோப்பு எண்), நாள், யாருடைய செயல்முறைகள் என்ற மூன்றையும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் தலைமையாசிரியரிடம் கேட்காமல் முன்னே அனுப்பாதீர்கள்.

அடுத்தவர் தயாரித்த தாளில் அவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு அனுப்பும் வழக்கம் நம் குழுக்களில் பெருகிக் கிடக்கிறது. அப்படி ஒருமுறை பட்டவர் அதற்குப் பிறகு எதையும் பகிர்வதில்லை. பயன்படுத்தும்போது பெயரை விட்டுவையுங்கள். மாற்றினால், "இவர் தாளிலிருந்து" என்று ஒரு வரி சேருங்கள்.

8. வகுப்பில் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்

ஐந்து நல்ல யோசனை வந்திருக்கும். ஒன்றை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

செய்வதற்கு முன் மூன்று வினா கொடுத்துத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். நான் கொடுத்தவை: 1/2 + 1/3, 1/4 + 2/3, பிறகு "1/2 + 2/5 ஒன்றைவிடப் பெரிதா, சிறிதா, ஏன்?" மதிப்பெண் வேண்டாம். ஒரே மாதிரித் தவறு செய்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

நான் செய்தது தாள்பட்டை. ஒரே நீளத்தில் வெட்டிய பட்டைகள், ஆளுக்கு மூன்று. ஒன்றை இரண்டாக, ஒன்றை மூன்றாக, ஒன்றை ஆறாக மடிப்பது. முதலில் 2/5 அரையைவிடச் சிறிதா என்ற கேள்வி, சத்தம் அடங்கியதும் பட்டை. அரையை ஆறின் மேல் வைத்தால் மூன்று கட்டம், மூன்றில் ஒன்றை வைத்தால் இரண்டு கட்டம், மொத்தம் 5/6. மீ.சி.ம. என்ற சொல்லை அன்றைக்கு வாயில் எடுக்கவில்லை.

மூன்றாக மடிப்பது பிள்ளைகளுக்குக் கடினம். பத்து நிமிடம் அதிலேயே போய்விட்டது. இதை யோசனை சொன்ன யாரும் சொல்லவில்லை. அடுத்த பிரிவுக்கு 12 செ.மீ. பட்டையாக வெட்டி, அளவுகோலால் 4 செ.மீ.க்கு ஒன்றாகக் குறிக்கச் சொன்னேன், சரியாகப் போனது. இந்த மாதிரிச் சில்லறை விவரம்தான் குழுவுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டிய சரக்கு. அன்று மாலையே எழுதிவிடுங்கள், இரண்டு நாளில் மறந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அதே வகையில் வேறு எண்களோடு மூன்று வினா. அன்றைக்கே வைத்தால் எல்லாரும் சரியாகத்தான் எழுதுவார்கள், அதில் ஏமாறாதீர்கள்.

9. குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. விடை கிடைத்தது, நன்றி சொன்னோம், முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். யோசனை சொன்னவருக்கு அது என்ன ஆயிற்று என்று தெரியவே தெரியாது. நான்கு முறை அப்படி ஆனால் அவர் சொல்வதை நிறுத்திவிடுவார். நல்ல குழுக்கள் இப்படித்தான் காலை வணக்கக் குழுக்களாக மாறுகின்றன.

முதல் கேள்வியை ரிப்ளை செய்து, அதற்குக் கீழேயே எழுதுங்கள். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஆறு ஏழு வரி போதும்: எதைச் செய்தேன், யார் சொன்னது, முன்பு எத்தனை பேருக்குத் தவறு, ஒரு வாரம் கழித்து எத்தனை, எங்கே இடித்தது, அடுத்தமுறை எதை மாற்றுவேன். அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம்.

சரியாக வராததையும் எழுதுங்கள். "தாள்பட்டை செய்தேன், கூட்டல் புரிந்தது, கழித்தலில் மறுபடி பழைய தவறு" என்று நான் எழுதிய நாளில்தான் அதுவரை வாயே திறக்காத மூன்று பேர் பேசினார்கள். எல்லாரும் வெற்றிப் படம் போடும் இடத்தில் ஒருவர் தோல்வியைச் சொன்னால் மற்றவர்களுக்கும் மூச்சு வருகிறது.

பிறகு அந்த வரிகளையும் வினாத்தாளையும் டிரைவ் கோப்புறையில் போடுங்கள். சிபிஎஸ்இ பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று உங்களுக்குக் கணக்கு உண்டு. குழுவில் இப்படிக் கற்றது தானாக அந்தக் கணக்கில் ஏறாது என்பதால், பதிவான பயிற்சிகளைத் தனியாக முடித்துக்கொள்ளுங்கள்.

10. ஆறேழு பேரோடு ஒரு சிறு வட்டம்

இரண்டு மூன்று சுற்று இப்படிப் போனால், பெரிய குழுவில் யாரோடு பேசினால் பயன் என்று தெரிந்துவிடும். அவர்களில் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் ஆறேழு பேரைச் சேர்த்துத் தனிக் குழு தொடங்குங்கள். ஒரே பாடம், ஒரே வகுப்பு, முடிந்தால் ஒரே குறுவளமையம். பத்தைத் தாண்டினால் நான்கு பேர் பேச, ஆறு பேர் பார்ப்பார்கள்.

மாதத்துக்கு ஒரு கேள்வி. முதல் வாரம் கேள்வியை முடிவு செய்து, அந்தச் செய்தி குழுவின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். 'பின்' செய்த செய்தி 30 நாள் வரை நிற்கும், மாதக் கணக்குக்குச் சரியாக இருக்கும். இரண்டாம் வாரம் எல்லாரும் அதே செயலை வகுப்பில் செய்வது. மூன்றாம் வாரம் எழுதுவது. நான்காம் வாரம் குறுவளமையக் கூட்டத்துக்கு வரும்போது டீ இடைவேளையில் கால் மணி நேரம் நேரில் பேசுவது. நேரில் பேசாத வட்டம் மூன்று மாதத்துக்கு மேல் ஓடி நான் பார்க்கவில்லை.

பாடம் நடத்தும் வீடியோவைப் பகிர வேண்டுமானால் யூடியூப்பில் அன்லிஸ்டட் என்று ஏற்றி இணைப்பை மட்டும் கொடுங்கள். தேடலில் வராது. ஆனால் இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்பதால் ஐந்தாம் படியில் சொன்ன முகக் கட்டுப்பாடு இங்கேயும் உண்டு.

பிறந்தநாள் வாழ்த்து, பண்டிகை வாழ்த்து வரத்தான் செய்யும். தடை போட்டால் கோபம் வரும், தடை போடாவிட்டால் கேள்வி மூழ்கும். நாங்கள் "டீக்கடை" என்று இன்னொரு குழு வைத்துக்கொண்டோம். வாழ்த்து, வம்பு, கிரிக்கெட் எல்லாம் அங்கே. யாராவது மறந்து இங்கே போட்டால் "டீக்கடைக்கு வாங்க சார்" என்று ஒரு வரி. யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அதிகாரிகளைச் சேர்க்காதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலரோ தலைமையாசிரியரோ குழுவில் இருந்தால், "என் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை" என்று எந்த ஆசிரியர் எழுதுவார்? எழுதினால் மறுநாள் அறிக்கை கேட்பார்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்தாலும் இதே நிலைதான். ஆசிரியர் பயிற்றுநர் சேர விரும்பினால், அவரும் மாதம் ஒரு பாடவேளை அதே செயலை ஒரு வகுப்பில் நடத்திப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

அட்மின் பொறுப்பு மாதம் ஒருவருக்குச் சுற்றட்டும். ஒருவரே வைத்திருந்தால் அவர் களைத்த அன்று குழுவும் களைத்துவிடும்.

பணிமாறுதல் கலந்தாய்வுக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிரைவ் கோப்புறை யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவர் வேறு மாவட்டம் போய், இடத்தைக் காலி செய்வதற்காக ஒருநாள் அதை அழித்துவிட்டால் இரண்டு வருட உழைப்பு போய்விடும். மே மாதக் கடைசியில், மாறுதல் வாங்காமல் இங்கேயே இருக்கப் போகிற இரண்டு பேர் அந்தக் கோப்புறையை முழுதாகப் பதிவிறக்கித் தங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளட்டும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு புத்தகம், சீருடை, சேர்க்கை என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள், இது நினைவுக்கே வராது.